ஒரு தடவை 148/92 வந்தால் பிரஷர் என்று எழுதிவிடலாமா? அளவுகள், அளக்கும் முறை, மாத்திரை – விவாத இழை

#1 மொரப்பூர்_செவிலி

தொற்றா நோய் பிரிவில் பதிவேடு எழுதுகிறவர்களுக்கும், வீடு வீடாகப் போகிற பெண் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கும் உதவும் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் இந்த வேலையில் இருப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

திரும்பத் திரும்ப வருகிற சிக்கல் இது. 52 வயதுப் பெண், களை எடுத்துவிட்டு வெயிலில் நடந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார். வந்த உடனே அளந்தால் 148/92. அடுத்த வாரம் வீட்டில் 134/84. அடுத்த மாத முகாமில் 150/90. "எனக்கு பிரஷர் இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லும்மா" என்கிறார். எந்த எண்ணை நம்புவது?

இன்னொன்று. போனில் பார்ப்பவர்கள் 130 தாண்டினாலே நோய் என்கிறார்கள். நம் படிவத்தில் எல்லை 140/90. இரண்டில் எதைச் சொல்லி அனுப்புவது?

#2 அரூர்_பொதுமருத்துவர்

நல்ல கேள்விங்க. எல்லைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாம் பாதரச மில்லிமீட்டரில்.

மேல் அளவு என்பது இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் விழும் அழுத்தம். கீழ் அளவு, இதயம் தளர்ந்து நிரம்பும் நேரத்தில் குழாய்க்குள் மிச்சமிருக்கும் அழுத்தம். 120/80-க்குக் கீழே இருந்தால் நல்ல அளவு. இதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

குழப்பம் 130-க்கும் 140-க்கும் நடுவில்தான். அமெரிக்க இதயநோய்ச் சங்கங்கள் 2017-இல் 130/80-ஐயே உயர் அழுத்தத்தின் முதல் கட்டம் என்று மாற்றின. உலக உயர் ரத்த அழுத்தச் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 130–139 அல்லது 85–89 என்றால் "இயல்பின் மேல்வரம்பு", 140–159 அல்லது 90–99 முதல் நிலை, 160/100 முதல் இரண்டாம் நிலை. நம் நாட்டின் பொதுத் திட்டங்களும் 140/90-ஐத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் படிவம் சரி. 130–139 வருகிறவரை நோயாளி என்று எழுத வேண்டாம். "நல்லா இருக்கீங்க, போங்க" என்று அனுப்பவும் வேண்டாம். உப்பு, எடை, புகையிலை, சாராயம் பற்றிப் பேச வேண்டிய ஆள் அவர். சர்க்கரை, சிறுநீரக பாதிப்பு, ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர் என்றால் அந்த 130-களே மருத்துவர் பார்க்க வேண்டிய அளவு.

மேல், கீழ் இரண்டில் ஒன்று எல்லை தாண்டினாலே போதும். 158/78 வரும் பெரியவரிடம் "கீழ் அளவு நார்மல்தான்" என்று ஆறுதல் சொல்வது தவறு. வயதாக ஆகக் குழாய் விறைத்துப்போவதால் மேல் அளவு ஏறும், கீழ் அளவு இறங்கும். அந்த வயதில் பக்கவாதத்தை முன்கூட்டிக் காட்டுவது மேல் அளவுதான். "வயசோட 100-ஐக் கூட்டிக்கோ, அதுவரைக்கும் சரி" என்ற பழைய கணக்கையும் விட்டுவிட வேண்டும். 70 வயதுக்காரருக்கு 170 என்பது எந்தக் கணக்கிலும் சரியில்லை.

#3 ஓசூர்_ஆலை_நலப்பிரிவு

130 என்ற எல்லையை அவ்வளவு லேசாக ஒதுக்கிவிட வேண்டாம் டாக்டர். 40 முதல் 69 வயதுவரை, 115/75-க்கு மேல் ஒவ்வொரு 20/10 ஏற்றத்துக்கும் மாரடைப்பு, பக்கவாதச் சாவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. 139-க்கும் 141-க்கும் நடுவில் உடம்பு எந்தக் கோடும் போட்டு வைக்கவில்லை. ஆலையில் 35 வயது ஆட்கள் 136/88-இல் வருடக் கணக்காக இருக்கிறார்கள். அவர்களுக்கு அப்போதே சொன்னால்தானே பலன்?

#4 அரூர்_பொதுமருத்துவர்

ஏற்கிறேன். ஆபத்து படிப்படியாக ஏறுவது, எல்லை என்பது நாம் முடிவெடுக்க வசதிக்காக வைத்தது. அந்த 35 வயதுக்காரரிடம் இன்றைக்கே பேச வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. நான் தயங்குவது எண் எப்படி எடுக்கப்பட்டது என்பதில்தான். மேல் அளவை 120-க்குக் கீழ் கொண்டுவந்தால் நல்லது என்று காட்டிய 2015-ஆம் ஆண்டின் பெரிய ஆய்வில் ஆளை ஐந்து நிமிடம் உட்காரவைத்து, தானியங்கிக் கருவியில் மூன்று முறை அளந்து சராசரி எடுத்தார்கள். பல இடங்களில் அளக்கும்போது அறையில் ஊழியர்கூட இல்லை. அப்படி எடுத்த 130-ம், கூட்ட நெரிசலில் நின்றபடி பேசிக்கொண்டே எடுத்த 130-ம் ஒன்றல்ல. ஒழுங்காக அளக்காத இடத்தில் எல்லையை மட்டும் இறக்கினால் நோய் இல்லாதவர்களுக்கு மாத்திரை போகும்.

செவிலி மேடம் சொன்ன பெண்ணுக்கும் பதில் அதுதான். வெயிலில் நடந்து வந்த உடனே எடுத்த 148/92 கணக்கில் சேராது. மற்ற இரண்டும் எப்படி எடுத்தது என்று தெரிய வேண்டும்.

#5 மொரப்பூர்_செவிலி

அளக்கும் முறையை நானே எழுதிவிடுகிறேன். பயிற்சியில் சொல்வதுதான், ஆனால் கூட்டத்தில் முதலில் பறிபோவதும் இதுதான்.

முந்தின அரை மணி நேரத்தில் காபி, டீ, பீடி, சிகரெட், புகையிலை, வேகமான நடை, பளு தூக்குதல் இருக்கக் கூடாது. இருந்திருந்தால் காத்திருக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்குப் போய்விட்டு வரச் சொல்லுங்கள். மூத்திரப்பை நிரம்பியிருந்தால் மேல் அளவு 10-க்கு மேலும் கூடும். பெண்கள் கூச்சப்பட்டு இதைச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

முதுகு சாய்ந்திருக்கும் நாற்காலி வேண்டும். ஸ்டூலோ பெஞ்சோ ஆகாது. இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும், கால்மேல் கால் கூடாது. ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை மேஜைமேல் கிடக்க வேண்டும், பட்டை கட்டிய இடம் நெஞ்சு நடுமட்டத்தில் வர வேண்டும். மேஜை தாழ்வாக இருந்தால் மடித்த போர்வையை வைத்து உயர்த்துங்கள். கை 10 செ.மீ. தாழ்ந்தால் 7, 8 புள்ளி கூடுதலாகக் காட்டும். தொங்கவிட்ட கையில் இன்னும் மோசம்.

பட்டை வெறும் தோலில் சுற்ற வேண்டும். இறுக்கமான ஜாக்கெட் கையை மேலே சுருட்டிவிட்டால் அதுவே கயிறு கட்டின மாதிரி ஆகிவிடும். மறைவான இடத்தில் ஜாக்கெட் கையைக் கழற்றி அளப்பதுதான் சரி. பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும், குழாய் உட்புற நாடிக்கு நேராக வரட்டும்.

அளக்கும்போது யாரும் பேசக் கூடாது. நாமும் பேர், ஊர் கேட்கக் கூடாது. பேச்சுக்கே 10 புள்ளி போய்விடும்.

ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறை. இரண்டுக்கும் நடுவில் 10-க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது. கடைசி இரண்டின் சராசரியை எழுதுங்கள். முதல் தடவை வருகிறவருக்கு இரண்டு கையிலும் பாருங்கள். கூடுதலாகக் காட்டும் கையை அட்டையில் குறித்துவைத்து, பிறகு எப்போதும் அந்தக் கையிலேயே அளக்க வேண்டும். இரண்டு கைக்கும் 15-க்கு மேல் வித்தியாசம் நிலையாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். குறைவாகக் காட்டும் கையின் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம்.

#6 கருவி_பராமரிப்பு_கிருஷ்ணகிரி

பட்டையின் அளவைப் பற்றி யாரும் பேசவில்லை. தப்பு எண் வருவதற்குப் பெரிய காரணம் அதுதான்.

தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் டேப் வைத்துச் சுற்றளவு எடுங்கள். 22–26 செ.மீ. என்றால் சின்ன பட்டை, 27–34 சாதாரண பட்டை, 35–44 பெரிய பட்டை. உள்ளே இருக்கும் காற்றுப்பை கைச் சுற்றளவில் 80 விழுக்காட்டையாவது சுற்ற வேண்டும். பருத்த கையில் சாதாரண பட்டை போட்டால் அழுத்தம் இல்லாதவருக்கும் உயர் அழுத்தம் காட்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்படும் கையில் இப்படிப் போட்டால் மேல் அளவை 20 வரை கூடுதலாகக் காட்டும். ஒல்லியான கையில் தலைகீழ், இருப்பதைவிடக் குறைத்துக் காட்டும். காட்டு வேலை செய்கிற வயதான பெண்களுக்கு 24, 25 செ.மீ. கை இருப்பது நம் பக்கம் சாதாரணம். அவர்களுடைய பிரஷர் கண்ணில் படாமல் நழுவுவது இதனால்தான். ஒவ்வொரு நிலையத்திலும் மூன்று அளவுப் பட்டையும் இருக்க வேண்டும் என்று, பொருள் கேட்டு அனுப்பும் இண்டென்ட்டில் விடாமல் எழுதுங்கள்.

பாதரசக் கருவி படிப்படியாகப் போய்விட்டது, பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கை காரணம். இப்போது முள் கருவியும் பேட்டரிக் கருவியும்தான்.

முள் கருவி: காற்று முழுக்க இறங்கியதும் முள் பூஜ்யத்துக் கட்டத்துக்குள் நிற்க வேண்டும். வெளியே நின்றால் அன்றைக்கே ஒதுக்கி வையுங்கள். பின்னைப் பிடித்து முள்ளைத் திருப்பிப் பூஜ்யத்தில் நிறுத்துவது சரிசெய்தல் ஆகாது, மேல் அளவுகளில் தப்பு அப்படியே இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, கீழே விழுந்தால் உடனே, ஒய் வடிவ இணைப்பில் சரிபார்த்த கருவியுடன் சேர்த்து 50, 100, 150, 200 அளவுகளில் ஒப்பிட வேண்டும். 3 புள்ளிக்கு மேல் விலகினால் பயன்படுத்தக் கூடாது.

காற்றுக் கசிவுக்கு: பட்டையை ஒரு தடித்த பாட்டிலைச் சுற்றிக் கட்டி 200 வரை ஏற்றி வால்வை மூடுங்கள். ஒரு நிமிடத்தில் 4-க்கு மேல் இறங்கினால் குழாய், வால்வு, பல்ப் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெரும்பாலும் குழாய் சேரும் கழுத்தில் ரப்பர் வெடித்திருக்கும்.

பேட்டரிக் கருவி காற்றின் துடிப்பை உணர்ந்து சராசரி அழுத்தத்தைப் பிடித்து, மேல் கீழ் இரண்டையும் கணக்குப் போட்டுச் சொல்கிறது. நாடி தாறுமாறாக அடிப்பவருக்கு அந்தக் கணக்கு கைகொடுக்காது. அவர்களுக்கு ஸ்டெதஸ்கோப் வைத்து மூன்று முறை கேட்டுச் சராசரி எடுக்க வேண்டும்.

#7 பென்னாகரம்_களப்பணி

மணிக்கட்டில் கட்டும் கருவி, வாட்ச் இதெல்லாம்?

#8 கருவி_பராமரிப்பு_கிருஷ்ணகிரி

கைச்சுற்றளவு எந்தப் பட்டைக்கும் அடங்காதவருக்கு மட்டும் மணிக்கட்டுக் கருவி, அதுவும் மணிக்கட்டை நெஞ்சு மட்டத்தில் பிடித்து. வாட்ச் எண்ணை வைத்து மாத்திரையை மாற்றக் கூடாது. விரலை வைத்தால் பிரஷர் சொல்கிறேன் என்னும் போன் செயலியை அழித்துவிடச் சொல்லுங்கள்.

#9 அரூர்_பொதுமருத்துவர்

ஸ்டெதஸ்கோப்பில் கேட்பவர்களுக்கு ஒரு சேர்க்கை. நிகொலாய் கொரோட்கோவ் 1905-இல் சொன்ன அந்த ஒலிகளைத்தான் இன்றும் கேட்கிறோம். முதலில் மணிக்கட்டு நாடியைத் தொட்டுக்கொண்டே காற்று ஏற்றுங்கள். நாடி மறையும் அளவுக்கு மேல் இன்னும் 30 ஏற்றுங்கள். இதைச் செய்யாமல் குத்துமதிப்பாக 160 வரை ஏற்றினால், சில பெரியவர்களுக்கு நடுவில் ஒலி அடங்கி மறுபடி வரும் இடைவெளியில் மாட்டிக்கொண்டு 190-ஐ 150 என்று எழுதிவிடுவோம். இறக்குவது விநாடிக்கு 2 புள்ளி. டக்கென்று இறக்கினால் மேல் அளவு குறைந்தும் கீழ் அளவு கூடியும் வரும். முதல் "டொக்" மேல் அளவு, ஒலி முழுக்க மறையும் இடம் கீழ் அளவு.

பதிவேட்டில் எல்லாம் 130/80, 140/90, 150/90 என்று பூஜ்யத்திலேயே முடிந்தால் அளந்து எழுதியதா, நினைத்து எழுதியதா என்று சந்தேகப்பட வேண்டும். 142 வந்தால் 142 என்றே எழுதுங்கள். முதல் பதிவில் இருந்த அந்த 150/90 என் கண்ணில் பட்டது அதனால்தான்.

#10 மொரப்பூர்_செவிலி

நியாயம்தான் சார். முகாம் பதிவேட்டைப் பார்த்தேன், அந்தப் பக்கம் முழுக்கவே அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பெண்ணை வீட்டு அளவு எடுக்கச் சொல்லப்போகிறேன். எத்தனை நாள் எடுப்பது?

#11 அரூர்_பொதுமருத்துவர்

ஏழு நாள். காலையில் எழுந்து ஒன்றுக்குப் போய்விட்டு, டீக்கும் மாத்திரைக்கும் முன்னால் இரண்டு முறை, ஒரு நிமிட இடைவெளியில். மாலை சாப்பாட்டுக்கு முன் இரண்டு முறை. ஆக 28 ஜோடி எண். முதல் நாளின் நான்கையும் தள்ளிவிடுங்கள், மிச்சம் 24. மேல் அளவுகளின் கூட்டு 3,288 என்றால் 24-ஆல் வகுத்தால் 137. கீழ் அளவுகளின் கூட்டு 2,016 என்றால் 84.

வீட்டு அளவுக்கு எல்லை 140/90 கிடையாது, 135/85. இந்த உதாரணத்தில் 137/84 என்பதால் உயர் அழுத்தம்தான், மேல் அளவு தாண்டிவிட்டது. நிலையத்தில் கூடுதலாகவும் வீட்டில் 135/85-க்குக் கீழும் வந்தால் மருத்துவரைக் கண்ட பதற்றத்தில் ஏறுவது. உடனே மாத்திரை தேவைப்படாமல் போகலாம், ஆனால் வருடா வருடம் பார்க்க வேண்டும். நிலையத்தில் 128-ம் வீட்டில் 142-ம் வருகிறவர்களும் உண்டு. அவர்கள்தான் தப்பிவிடுகிறார்கள். சர்க்கரை உள்ளவர், புகைப்பவர், குறட்டையும் பகல் தூக்கமும் உள்ளவர் என்றால் நிலைய அளவு நன்றாக இருந்தாலும் வீட்டில் ஒரு வாரம் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் கருவி இல்லாதவருக்கு: வேறு வேறு நாளில் இரண்டு மூன்று தடவை நிலையத்தில், மேலே மேடம் எழுதிய முறைப்படி. 160/100-க்கு மேல் என்றால் வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டாம், சில நாளுக்குள் உறுதிசெய்து தொடங்கலாம். 180/110-ஐத் தாண்டி, கூடவே இதயம், சிறுநீரகம், கண் பாதிப்பும் தெரிந்தால் அன்றைக்கே.

#12 ஓசூர்_ஆலை_நலப்பிரிவு

நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு "காலை" என்பது தூங்கி எழுந்த நேரம். காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வருகிறவரைப் பிடித்து அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. மாத்திரையும் அப்படியே, எழுந்ததும் என்று முடிச்சுப் போடுங்கள். காலையா இரவா என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை, விடாமல் போடுவதில்தான் இருக்கிறது. நீர் பிரியும் மாத்திரையை மட்டும் தூங்கப்போகும் முன் போட வேண்டாம்.

#13 ஊத்தங்கரை_மருந்தாளுநர்

எல்லாரும் கருவியையும் கையையும் பேசுகிறீர்கள். நம் மாவட்டங்களில் பிரஷர் அடங்காததற்கு இன்னொரு காரணம் கடை கவுன்ட்டரில் இருக்கிறது. வலி மாத்திரை.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் பல வருடம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களின் எலும்பில் படிந்தது படிந்ததுதான். இடுப்பு விறைப்பு, முட்டி வலி, கழுத்துத் திருப்ப முடியாமை. அந்த வலிக்கு டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் என்று தினமும் வாங்கிப் போடுகிறார்கள். இவை சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றுகின்றன, பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கின்றன. பிரஷர் மாத்திரைகளில் அம்லோடிபைன் அவ்வளவாகப் பாதிக்கப்படாது. டெல்மிசார்டன், எனலாப்ரில், நீர் மாத்திரை இவற்றின் பலன் குறையும். டெல்மிசார்டன், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து, கூடவே வாந்தி பேதியோ கடும் வெயில் வேலையோ இருந்தால் சிறுநீரகம் சட்டென்று படுத்துவிடும்.

ஆகவே 150-இல் நிற்கிறவருக்கு இரண்டாவது மாத்திரை எழுதுவதற்கு முன் "வலிக்கு என்ன போடறீங்க?" என்று கேளுங்கள். "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா" என்று கேட்டால் இல்லை என்பார்கள், வலி மாத்திரையை அவர்கள் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஊசி போட்டுக்கொள்வதையும் தனியாகக் கேட்க வேண்டும். முதலில் பாராசிட்டமால், களிம்பு, ஒத்தடம், தசைப் பயிற்சி என்று மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

அழுத்தத்தை ஏற்றும் மற்றவை: மூக்கடைப்புக்கான சளி மாத்திரைகளில் இருக்கும் ஃபினைல்எஃப்ரின், ஸ்டீராய்டு மாத்திரைகள், கலப்படமாக ஸ்டீராய்டு சேர்ந்த பெயர் தெரியாத மூட்டுவலிப் பொடிகள், கருத்தடை மாத்திரை. இருமலுக்கு வாரக் கணக்கில் அதிமதுரம் சாப்பிடுவதும் அழுத்தத்தை ஏற்றி பொட்டாசியத்தை இறக்கும்.

#14 பாலக்கோடு_உணவியல்

வலி மாத்திரைக்கு அடுத்தபடி உப்பு. "உப்பைக் குறைங்க" என்று சொல்லி யாரும் குறைத்ததில்லை. அளவு கொடுக்க வேண்டும்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. நான்கு பேர் குடும்பத்துக்கு நாளைக்கு 20 கிராம், ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். மாதத்துக்கு இரண்டு பாக்கெட் வாங்குகிற வீடு என்றால் ஆளுக்கு 16 கிராமுக்கு மேல் போகிறது. பாக்கெட் வாங்கிய தேதியை டப்பாமேல் எழுதச் சொல்லுங்கள். இதைவிட எளிய கணக்கு எனக்குத் தெரியவில்லை.

நம் ஊர்ச் சாப்பாட்டில் களி குற்றவாளி இல்லை. கேழ்வரகில் சோடியம் மிகக் குறைவு, பலர் உப்பில்லாமலேயே கிண்டுகிறார்கள். கூட ஊற்றிக்கொள்ளும் குழம்பு, கருவாடு, கூழுக்குக் கடிக்கும் ஊறுகாய், மோர் மிளகாய் இவற்றில்தான் உப்பு. மாங்காய்க் காலத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சோடியம்தான். பஜ்ஜி, போண்டாவில் போடும் சோடா மாவும், வாயுவுக்குக் கலக்கிக் குடிக்கும் நுரை உப்பும் அப்படியே.

செய்ய வேண்டியது: சாப்பாட்டுத் தட்டருகே உப்பு டப்பா இருக்கக் கூடாது. சோறு, களி, சப்பாத்தி மாவு மூன்றிலும் உப்பு வேண்டாம். குழம்பில் வாரத்துக்குக் கால் பங்கு என்று குறையுங்கள். நாக்கு பழகச் சில வாரம் பிடிக்கும். புளிப்பு உப்பின் குறையை மறைக்கும், புளியும் எலுமிச்சையும் தாராளமாகப் போடலாம். கருவாட்டை வெந்நீரில் இரண்டு தடவை ஊறவைத்துக் கொட்டினாலும் உப்பு கணிசமாக மிச்சம் இருக்கும், அதனால் மாதம் ஓரிரு தடவைக்கு மேல் வேண்டாம்.

#15 பென்னாகரம்_களப்பணி

இந்துப்பு பாதுகாப்பு என்று எல்லாரும் மாறுகிறார்கள் மேடம். சோடியம் குறைந்த உப்பு என்று ஒன்றும் கடையில் வருகிறது.

#16 பாலக்கோடு_உணவியல்

இந்துப்பும் கல்லுப்பும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான், பிரஷருக்கு வித்தியாசம் கிடையாது. அயோடினும் போய்விடும்.

சோடியம் குறைந்த உப்பில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. சாதாரண ஆளுக்கு அழுத்தம் குறைய உதவும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர், டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுகிறவர் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். வீட்டில் ஒருவருக்கு ஆகாது என்றால் அந்த வீட்டு அடுப்புக்கே ஆகாது, ஒரே குழம்புதானே.

#17 ஊத்தங்கரை_மருந்தாளுநர்

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நிறுத்துவதற்கான காரணங்கள் எல்லாம் கடையில்தான் முதலில் காதில் விழுகின்றன.

"அளவு 122/78 வந்துடுச்சு, நிறுத்திட்டேன்." அந்த 122 மாத்திரையால் வந்தது. அம்லோடிபைன் உடம்பில் மெதுவாகத்தான் குறையும், நிறுத்திய இரண்டு மூன்று நாள் ஏற்றம் தெரியாது. அதை வைத்துக் குணமாகிவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். அட்டினோலால், மெட்டோபிரோலால், குளோனிடின் இவற்றைத் திடீரென்று நிறுத்தினால் முன்பு இருந்ததைவிட மேலே எகிறும். நெஞ்சுவலி உள்ளவருக்கு மாரடைப்பே வரலாம்.

"கால் வீங்குது, கிட்னி போச்சு." அம்லோடிபைனில் கணுக்கால் வீக்கம் தெரிந்த பக்க விளைவு. குழாய் விரிவதால் நீர் கசிகிறது. அளவைக் குறைத்து டெல்மிசார்டன் சேர்த்தால் பெரும்பாலும் வடியும். சிறுநீர்ப் பரிசோதனையும், சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்த்து உறுதிசெய்யலாம். எனலாப்ரிலில் வறட்டு இருமல் வரும், வேறு மாத்திரைக்கு மாற்றினால் நின்றுவிடும். இருமலுக்கு டானிக் மேல் டானிக் வாங்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்து விழுங்கக் கூடாது.

#18 பென்னாகரம்_களப்பணி

வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகும்போது பார்க்க வேண்டியதையும் சேர்த்துவிடுகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். கொடுத்துவிட்டு வருவதோடு முடிக்காமல் பழைய அட்டையை எடுத்து வரச் சொல்லி மிச்சத்தை எண்ணுங்கள். 30-க்கு 11 மிச்சம் என்றால் அளவு ஏன் அடங்கவில்லை என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. கரும்பு வெட்டவோ கட்டட வேலைக்கோ பெங்களூரு பக்கம் போகிறவர்களுக்குப் போகும் தேதியை முன்கூட்டியே கேட்டு, அதுவரைக்கும் சேர்த்து வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும். அளவு இலக்குக்குள் இருக்கிறதா என்பதையும் ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 140/90-க்குக் கீழ். சர்க்கரை, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மேல் அளவு 130-க்குக் கீழ்.

வயதானவர்களை எழுந்து நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி அளந்து பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் மாத்திரை அளவை மருத்துவர் திரும்பப் பார்க்க வேண்டும். விடியற்காலை எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிவது இப்படித்தான்.

#19 ஓசூர்_ஆலை_நலப்பிரிவு

ஆலையில் ஒருவருக்கு 192/118 வந்தால் எல்லாரும் பதறுகிறார்கள். நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. டாக்டர், இதைக் கொஞ்சம் தெளிவாக எழுதுங்கள்.

#20 அரூர்_பொதுமருத்துவர்

நிஃபெடிபைன் உறையைக் குத்தி நாக்கடியில் விடுவதை எந்த இடத்திலும் செய்யக் கூடாது. அழுத்தம் கட்டுப்பாடில்லாமல் விழும். பல வருடம் உயர் அழுத்தத்துக்குப் பழகிய மூளைக்கும் இதயத்துக்கும் அந்த நேரத்தில் ரத்தம் போதாமல் பக்கவாதமோ மாரடைப்போ வரும்.

180/120-ஐ ஒட்டியோ தாண்டியோ வந்தால் ஐந்து நிமிடம் உட்காரவைத்து, பட்டை அளவு சரியா என்று பார்த்து, மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்து, வேறு தொந்தரவு ஒன்றும் இல்லை என்றால் மாத்திரை விட்டுப்போயிருக்கிறதா என்று கேட்டு அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புங்கள். நாள் கணக்கில் மெதுவாக இறக்குவதுதான் பாதுகாப்பு.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், வாய் கோணல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், குழப்பம், வலிப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் 108. பக்கவாத அறிகுறி என்றால் அளவு எதுவாக இருந்தாலும் 108-தான், வீட்டில் பிரஷர் மாத்திரை கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். அடைப்பைக் கரைக்கும் ஊசி அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது, அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். அஞ்செட்டியிலிருந்தோ சித்தேரி மலையிலிருந்தோ இறங்கி வரும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி அளந்துகொண்டிருக்க நேரம் கிடையாது. கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று ஒரு சீட்டில் எழுதி அனுப்புங்கள், மருத்துவமனையில் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, அதனால் பிரஷர் இல்லை என்பதும் தப்பு. 170-இல் இருப்பவர் சாதாரணமாக ஏர் ஓட்டிக்கொண்டிருப்பார். அறிகுறிக்காகக் காத்திருந்தால் முதல் அறிகுறியே பக்கவாதமாக இருக்கலாம்.

#21 மொரப்பூர்_செவிலி

கர்ப்பிணிகளுக்கு நான் சேர்க்கிறேன். 20 வாரத்துக்குப் பிறகு 140/90 வந்தால் நாலு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். 160/110 என்றால் காத்திருக்காமல் உடனே பெரிய மருத்துவமனை. விடாத தலைவலி, கண் மினுக்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் வீங்குதல் இருந்தால் அளவு கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அனுப்புங்கள். பிரசவத்துக்குப் பிறகும் இது வரும், முதல் வாரம் விடாமல் அளக்க வேண்டும். டெல்மிசார்டன், எனலாப்ரில் இரண்டும் கர்ப்பத்தில் ஆகாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கிற பெண் நாள் தள்ளிப்போகிறது என்றாலே வந்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

#22 பாலக்கோடு_உணவியல்

எடையைப் பற்றி ஒரு வரி. தடித்தவருக்கு ஒரு கிலோ குறைந்தால் மேல் அளவு ஏறத்தாழ 1 புள்ளி இறங்கும். வாரத்துக்கு 150 நிமிட வேக நடை அதோடு சேர வேண்டும். "காட்டுல நாள் பூரா நடக்கறேனே" என்பவருக்கு நடை ஏற்கெனவே இருக்கிறது, அவருக்கு உப்பையும் வலி மாத்திரையையும் பாருங்கள். முருங்கைக்கீரை, பூண்டு தாராளமாகச் சாப்பிடட்டும், மாத்திரைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

#23 பென்னாகரம்_களப்பணி

கடைசியாக ஒன்று. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் ஒருவருக்கு எந்தக் கையில் அளப்பது?

#24 மொரப்பூர்_செவிலி

டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையில் பட்டை கட்டவே கூடாது, அந்த இணைப்பு அடைத்துக்கொள்ளும். மற்ற கையில் அளந்து, எந்தக் கை என்று அட்டையின் மேல்மூலையில் சிவப்பு மையில் எழுதிவிடுங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு அக்குள் நெறிக்கட்டி எடுத்தவர்களுக்கும் அந்தப் பக்கக் கையைத் தவிர்த்துவிடுங்கள்.